ஸ்கெட்ச் முழுக்கக் கறுப்பு, போல்ட் மட்டும் நடுவில் பிடிக்கிறது

இரண்டு முனையிலும் போல்ட் தாராளமாக ஓடுகிறது, நடுவில் வந்ததும் பிடித்துக்கொள்கிறது. ஃபிட்டர் அண்ணன் வந்து சொன்ன புகார் இவ்வளவுதான். கோவையில் கணபதிப் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் டிராயிங் செக் பண்ணுவது என் வேலை. லேசரில் வெட்டி பவுடர் கோட்டிங்கும் முடிந்து வந்த 24 பிளேட்டில் முதல் ஆறை மாட்டிப் பார்த்துவிட்டு அவர் இதைச் சொன்னார். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆனது. கடைசியில் பார்த்தால், ஒரு வட்டவில்லுக்கு அளவு கொடுத்த விதத்தில் இருந்தது தப்பு. கம்ப்யூட்டரில் வரைந்த ஸ்கெட்சில் எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது, எண்கள் எல்லாமே ஏதோ ஒரு அளவீட்டிலிருந்து வந்தவை. அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பார்ட் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய ஏர் கம்ப்ரெஸரின் பக்கவாட்டு பிளேட், 8 மி.மீ. மைல்டு ஸ்டீல். மோட்டார் தனியாக ஓர் ஊஞ்சல் பிளேட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த ஊஞ்சல் பிளேட் ஒரு பிவட் பின்னைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பும், திருப்புவதைப் பொறுத்து பெல்ட் இறுகும் அல்லது தளரும். வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்த ஓர் எம்10 போல்ட் (10 மி.மீ. விட்டம்) இருக்கிறது, அது எங்கள் பக்கவாட்டு பிளேட்டில் இருக்கிற வளைந்த ஸ்லாட் (நீள்துளை) வழியாக வரும். ஸ்லாட் அகலம் 11 மி.மீ. பிவட்டுக்கு 25 மி.மீ. துளை, அதில் புஷ் இறுக்கமாக உட்காரும், ஆட்டம் கிடையாது. ஆக, போல்ட் போகிற பாதை பிவட்டை மையமாக வைத்த ஒரு வட்டத்தின் துண்டு, ஸ்லாட்டின் நடுக்கோடும் அதே வட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். விலகுவதற்கு இருக்கிற இடம் போல்ட்டின் இரண்டு பக்கமும் அரை அரை மி.மீ.தான்.

கஸ்டமரிடம் டிராயிங் இல்லை, பல வருஷம் ஓடித் தேய்ந்த பழைய பிளேட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த டிராஃப்ட்ஸ்மேன் தம்பி அதைக் காகிதத்தில் வைத்து பென்சிலால் டிரேஸ் எடுத்து, வெர்னியரால் அளந்து, சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தார். நான் செக் பண்ணி லேசருக்கு அனுப்பினேன்.

சரி, அந்த மதியம். முதலில் சந்தேகப்பட்டது கோட்டிங்கை. ஒரு பக்கத்துக்கு 70 மைக்ரான் என்று வைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 0.14 மி.மீ. இடம் போய்விடும். ஃபிட்டர் அண்ணன் ஒரு பிளேட்டில் ஸ்லாட்டின் உள்விளிம்பு முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மாட்டினார், அப்போதும் நடுவில் பிடித்தது. அப்புறம் லேசர். கோட்டிங் சுரண்டிய இடத்தில் அகலம் அளந்தால் 11-க்கு நூலிழை கூடத்தான் இருந்தது. வெர்னியரின் உள்தாடையை ஸ்லாட்டின் இரண்டு முனையிலும் கொடுத்து நேர்கோட்டில் அளந்தேன், 106.4-க்கும் 106.5-க்கும் நடுவில் வந்தது, மாடலில் 106.45. லேசர்காரர் மேல் குற்றமில்லை, நாங்கள் கொடுத்ததைத்தான் அவர் வெட்டியிருக்கிறார்.

ஸ்கெட்சைத் திறந்தேன். எல்லாக் கோடும் கறுப்பு. சாலிட்வொர்க்ஸில் நீலம் என்றால் இன்னும் அளவு போதவில்லை, கறுப்பு என்றால் முழுதாகக் கட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். செக் பண்ணின அன்றைக்கும் நான் பார்த்தது இந்தக் கறுப்பைத்தான். ஸ்லாட் நடுக்கோட்டுக்கு ஐந்து அளவு இருந்தது. பிவட்டிலிருந்து ஒரு முனை கிடைமட்டமாக 131.5, உயரம் 48. இன்னொரு முனை 70, உயரம் 121. ஆரம் 150.

இந்த ஐந்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு தளத்தில் கிடக்கும் வட்டவில்லுக்கு ஐந்து சுதந்திரம் உண்டு: மையம் எங்கே என்பதற்கு இரண்டு, ஆரத்துக்கு ஒன்று, வில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு இரண்டு. தம்பி கொடுத்ததும் ஐந்து. கணக்கு சரியாகப் போய்விட்டது, கோடு கறுப்பாகிவிட்டது. ஆனால் அந்த ஐந்தில் மையம் எங்கே என்று யாருமே சொல்லவில்லை! முனைகளையும் ஆரத்தையும் வைத்து மையத்தை மென்பொருள்தான் கண்டுபிடித்துக்கொண்டது. உண்மையில் அந்த அளவுகளுக்கு இரண்டு மையம் சாத்தியம், நாணுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நாம் முதலில் வரைந்து போட்ட உருவத்துக்கு எது பக்கமோ அதை அது எடுத்துக்கொள்ளும்.

1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் ஸ்கெட்ச்பேட் செய்து காட்டிய காலத்திலிருந்தே இந்த வகை மென்பொருள் செய்கிற வேலை ஒன்றுதான், நாம் சொன்ன நிபந்தனைகளுக்கெல்லாம் ஒத்துவருகிற ஓர் உருவத்தைத் தேடிக் கொடுப்பது. மோட்டார் பிவட்டைச் சுற்றித் திரும்பும் என்பது என் மனசில் இருக்கிறது, ஸ்கெட்சில் இல்லை. இல்லாத நிபந்தனையை அது எப்படி மதிக்கும்?

வில்லின் மையப்புள்ளியையும் பிவட்டின் மையத்தையும் தொட்டு ஓர் அளவு போட்டேன். ஏற்கெனவே எல்லாம் கட்டுப்பட்ட ஸ்கெட்ச் என்பதால், இதை டிரிவனாக, அதாவது உருவத்தைக் கட்டுப்படுத்தாமல் அளந்து மட்டும் காட்டுகிற எண்ணாக, வைக்கட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றதும் சாம்பல் நிறத்தில் எண் வந்து நின்றது: 10.71.

கிட்டத்தட்ட 11 மி.மீ. இவ்வளவு பெரிய விலகல் கண்ணில் படாமல் எப்படிப் போனது என்று அப்போதே பெரிதாக்கிப் பார்த்தேன். பிவட் துளை 25 மி.மீ. என்றால் அதன் ஆரம் 12.5. பிவட் மையத்திலிருந்து கீழேயும் இடப்பக்கமும் தள்ளி இருந்த வில்லின் மையப்புள்ளி அந்தத் துளை வட்டத்துக்குள்ளேயே விழுந்திருக்கிறது. பார்ப்பவருக்குத் துளை நடுவில் ஏதோ புள்ளி இருப்பது தெரியும். இரண்டு புள்ளி இருப்பது, முழுத் திரையில் பிளேட் தெரிகிற அளவுக்கு வைத்துப் பார்த்தால் தெரியாது.

இந்த 11 மி.மீ. விலகல் ஸ்லாட்டில் என்ன செய்தது என்பதுதான் சுவாரசியம். முனைகள் இரண்டும் அளவால் பிடித்து வைக்கப்பட்டவை, அதனால் அங்கே பிவட்டிலிருந்து தூரம் 140, 139.8 என்று சரியாகவே இருக்கிறது. நடுவில் மட்டும் வில் தட்டையாகி, பிவட்டிலிருந்து 139.3-இல் போகிறது. போல்ட்டுக்கு வேண்டியது 140. வித்தியாசம் 0.7, இருக்கிற இடம் 0.5. அண்ணன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி: முனையில் ஓடும், நடுவில் பிடிக்கும்.

150 எங்கிருந்து வந்தது

தம்பியிடம் கேட்டேன். "எப்படிப்பா ஆரம் எடுத்த?"

"டிரேஸ்ல உள்விளிம்புக்கு நாண் போட்டு, உயரம் அளந்து, ஃபார்முலா போட்டேன் சார்."

உயரம் என்று அவர் சொன்னது நாணின் நடுவிலிருந்து வில் வரை உள்ள தூரத்தை. தப்பான வழி என்று சொல்ல முடியாது, பட்டறைகளில் எல்லாரும் செய்வதுதான். நாண் நீளத்தின் வர்க்கத்தை எட்டு மடங்கு உயரத்தால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். அவர் அளந்தது நாண் 92, உயரம் 7.5. ஆரம் 144.8 வருகிறது, ஸ்லாட் அகலத்தில் பாதி 5.5 சேர்த்தால் நடுக்கோட்டுக்கு 150.3. "150-தான் டிசைன் பண்ணியிருப்பாங்க" என்று தம்பி முடிவுகட்டியதில் ஆச்சரியமில்லை. முழு எண் வந்துவிட்டால் அளவீடு சரி என்ற நம்பிக்கை யாருக்கும் வந்துவிடும், எனக்கும் வந்தது.

உண்மையில் அந்த உயரம் 8.1 இருந்திருக்க வேண்டும். பழைய பிளேட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஸ்லாட்டின் உள்விளிம்பு நடுப்பகுதியில் மட்டும் பளபளவென்று இருந்தது, விரலை ஓட்டினால் லேசான பள்ளம் தட்டியது. பெல்ட் சரியான இறுக்கத்தில் இருக்கும்போது போல்ட் நிற்கிற இடம் அது. வருஷக்கணக்கான அதிர்வில் அங்கே அரை மி.மீ.க்கு மேல் தின்றிருக்கிறது. உள்விளிம்பு நடுவில் பிவட் பக்கம் இறங்கினால் வில்லின் உயரம் குறையும், உயரம் குறைந்தால் ஆரம் பெரிதாகக் காட்டும்.

எவ்வளவு பெரிதாக என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். இந்த ஸ்லாட் 40° விரிவு. இதில் உயரத்தை 0.1 மி.மீ. தப்பாக அளந்தால் ஆரத்தில் 1.5 மி.மீ.க்கு மேல் தப்பு வரும். விரிவு இதில் பாதி, 20° மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே 0.1 மி.மீ. பிசகு ஆரத்தில் 6.5 மி.மீ. வரை கொண்டுபோய் விடும். குட்டையான, தட்டையான வில்லில் ஆரத்தை நேரடியாக அளந்து நம்புவது ரொம்ப ஆபத்து. வெட்டி வந்த பார்ட்டைத் திரும்ப அளந்து சரிபார்ப்பதும் அதே காரணத்தால் முடியாது. நாண், வில், ஆரம் எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் படித்ததுதான். பழைய வடமொழிக் கணிதத்தில் இந்த உயரத்துக்குச் சரம் என்று பெயர், வில்லில் பூட்டிய அம்பு. அம்பு சின்னதாக இருக்கும்போது ஒரு மயிரிழைக்கும் கணக்கு உண்டு.

அப்படியானால் 140 என்பது எப்படித் தெரியும்? ஊஞ்சல் பிளேட்டை அளந்தால் தெரியும். அதில் பிவட் துளையும் போல்ட் துளையும் இரண்டு வட்டத் துளைகள், மையத்துக்கு மையம் வெர்னியரில் எடுப்பது ஐந்து நிமிஷ வேலை. கஸ்டமரிடம் ஃபோன் பண்ணி அதை வரவழைத்து அளந்தோம். சரியாக 140. ஸ்லாட்டின் ஆரம் ஸ்லாட்டில் இல்லை, எது சுற்றுகிறதோ அந்தப் பார்ட்டில் இருக்கிறது.

திரும்ப வரைந்தது

இந்த முறை மையத்திலிருந்து தொடங்கினோம். சாலிட்வொர்க்ஸில் வளைந்த ஸ்லாட்டுக்கே இரண்டு கருவி இருக்கிறது, மூன்று புள்ளி கொடுத்து வரைவது ஒன்று, மையப்புள்ளி கொடுத்து வரைவது ஒன்று. தம்பி முதலில் பயன்படுத்தியது மூன்று புள்ளி. மையப்புள்ளிக் கருவியில் முதல் கிளிக்கே பிவட் துளையின் மையத்தில் விழுவதால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், ஐந்து சுதந்திரத்தில் இரண்டு அங்கேயே முடிந்தது. முனைகளின் அரைவட்டம் விளிம்போடு தொடுகோடாகச் சேர்வதையும் கருவியே பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஆரம் 140. மீதி இரண்டுக்கு எக்ஸ், ஒய் அளவு வேண்டாம், கோணம் போதும்: பிவட்டிலிருந்து இரண்டு முனைக்கும் கட்டுமானக் கோடு இழுத்து, கிடைமட்டத்திலிருந்து முதல் கோட்டுக்கு 20°, இரண்டு கோட்டுக்கும் நடுவில் 40°.

இங்கேதான் இரண்டாவது தடுமாற்றம் வந்தது, நல்லவேளையாக வெட்டுவதற்கு முன்னால். இரண்டு கோடு சந்திக்கிற இடத்தில் நாலு கோணம் உண்டு. ஸ்மார்ட் டைமென்ஷன் என்ற அளவு போடும் கருவியில் இரண்டு கோட்டையும் தொட்டுவிட்டு கர்சரை எந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறோமோ அந்தப் பக்கத்துக் கோணத்தைத்தான் அது எடுக்கும். ஸ்லாட் பக்கம் இடம் நெருக்கமாக இருக்கிறது என்று தம்பி அளவை வெளியே இழுத்து வைத்திருக்கிறார், 40°-க்குப் பதில் அதன் மிகைநிரப்பு 140° உட்கார்ந்துவிட்டது. உருவம் கொஞ்சம்கூட மாறவில்லை, ஜியோமெட்ரி அத்தனையும் சரி. போதாக்குறைக்கு ஆரமும் 140, கோணமும் 140, பக்கத்துப் பக்கத்தில்.

இப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மறுநாளே தெரிந்தது. கஸ்டமர் கூப்பிட்டு, "பெல்ட் நாளாக ஆக நீளுதுங்க, இறுக்கறதுக்கு இன்னும் ஒரு 15 மி.மீ. ஓட்டம் சேர்த்துக் குடுங்க" என்றார். 140 ஆரத்தில் வில்லோடு 15 மி.மீ. என்பது 6.14°, அதை 6° என்று எடுத்தோம். 40° இருக்க வேண்டிய இடத்தில் 140° இருந்தால், அவசரத்தில் யாராவது அதோடு 6-ஐக் கூட்டி 146 என்று போடுவார்கள், ஸ்லாட் 34° ஆகச் சுருங்கும். கேட்டதற்கு நேர் எதிர், இதற்கும் ஸ்கெட்ச் கறுப்பாகவே இருக்கும். அந்த அளவை அழித்துவிட்டு, கர்சரை இரண்டு கோட்டுக்கும் நடுவில் வைத்துத் திரும்பப் போட வைத்தேன். எந்தக் கோணம் பிளேட்டில் நிஜமாகவே இருக்கிறதோ, எது நாளைக்கு மாறுமோ, அளவு அதன் மேல்தான் நிற்க வேண்டும், எழுத்து நெருக்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு விஷயமும் அந்த ஃபோனிலேயே இருந்தது. "15 மி.மீ." என்றால் வில்லோடு வளைந்து போகிற நீளமா, நேர்கோட்டில் நாணா? பழைய 40° ஸ்லாட்டையே எடுத்துக்கொண்டால் நடுக்கோட்டின் வில் நீளம் 97.74, நாண் 95.77, இரண்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம். சாலிட்வொர்க்ஸில் இரண்டு முனைப்புள்ளியை மட்டும் தொட்டால் நாண் வரும், முனைகளோடு வில்லையும் சேர்த்துத் தொட்டால் வில் நீளம் வரும். ஒரு கிளிக் வித்தியாசம்தான், ஆனால் டிராயிங்கில் வில் நீளத்துக்கு எண்ணோடு ஒரு குட்டி வில் குறி வரவேண்டும், அதைக் கவனிக்காமல் படிப்பவர் ஸ்கேலை நேராக வைத்து அளந்துவிடுவார். இந்தப் பார்ட்டுக்கு இரண்டையுமே கட்டளை அளவாக, அதாவது உருவத்தைத் தீர்மானிக்கிற அளவாக, வைக்கவில்லை. கோணம்தான் கட்டளை.

ஆனால் கோணத்தை ஷாப் ஃப்ளோரில் யார் அளப்பது? இது நியாயமான கேள்வி, அண்ணனே கேட்டார். பொது டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கிற பிசகு) ஐஎஸ்ஓ 2768-இன் நடுத்தர வகுப்பு என்று டிராயிங்கில் எழுதியிருந்தோம். குட்டையான பக்கம் 120-இலிருந்து 400 மி.மீ. வரை இருக்கும் கோணத்துக்கு அது ±10 நிமிஷம், அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு, தருகிறது. 140 மி.மீ. தள்ளி அது 0.4 மி.மீ. நகர்வு. பட்டறையில் கிடக்கிற புரொட்ராக்டரை வைத்து அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் முனைக்கு முனை நேர் அளவை டிரிவனாகப் போட்டு, அடைப்புக்குறிக்குள் டிராயிங்கில் காட்டினோம். 40°-க்கு 106.77 வந்தது, 46° ஆனதும் தானாகவே 120.40 ஆனது. வெர்னியரின் உள்தாடை நேராகப் போய் உட்காரும் அளவு அது. பிவட்டுக்கும் வில் மையத்துக்கும் உள்ள தூரத்தை டிரிவனாகப் போட முடியாது, இப்போது இரண்டும் ஒரே புள்ளி. அது முடியாமல் போவதே நல்ல அறிகுறி.

செக் பண்ணும்போது அதற்கப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கறுப்பைப் பார்த்ததோடு நிறுத்தாமல், ஒவ்வோர் அளவையும் கன்னாபின்னா என்று மாற்றிப் பார்க்கிறேன். ஆரத்தை 140-இலிருந்து 200 ஆக்கினால், சரியான ஸ்கெட்சில் ஸ்லாட் பிவட்டைச் சுற்றியபடியே வெளியே நகரும். பழைய ஸ்கெட்சில் இதே 200-ஐப் போட்டபோது முனைகள் அசையாமல் நிற்க, வில் மட்டும் தட்டையானது. 45 போட்டால் தீர்வே இல்லை என்று சிவந்தது, ஏனென்றால் முனைகளுக்கு நடுவில் இருக்கிற தூரத்தில் பாதியே 47.7, அதைவிடச் சின்ன ஆரத்தால் இரண்டு முனையையும் எட்ட முடியாது. ஒரு நிமிஷம்கூட ஆகாத சோதனை. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் 24 பிளேட்டும் தப்பியிருக்கும்.

அந்த 24 பிளேட்டைத் தூக்கிப் போடவில்லை. ஸ்லாட் நடுவில் பிவட் பக்கம் இறங்கிவிட்டதால் போல்ட் இடிப்பது வெளிவிளிம்பில். அண்ணனும் இன்னொருவரும் உட்கார்ந்து அரைவட்ட அரத்தால் வெளிவிளிம்பின் நடுவில் அரை மி.மீ. அளவுக்கு ராவி, போல்ட்டை விட்டு முனையிலிருந்து முனை வரை விரலால் தள்ளிப் பார்த்து, ராவிய இடத்துக்கு பெயின்ட் தொட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வேலை. கஸ்டமரிடம் நடந்ததை அப்படியே சொன்னோம், ஒப்புக்கொண்டார். அடுத்து வெட்டிய 46° பிளேட்டுகளில் போல்ட் எங்கேயும் தொடவில்லை.

ராவிக் கொடுத்த பிளேட்டுகளை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பத்து வருஷம் கழித்து அதில் ஒன்று தேய்ந்து, டிராயிங் இல்லாமல், எங்கேயோ ஒரு ஒர்க்‌ஷாப் மேசைக்கு சாம்பிளாக வரும். அதன் வெளிவிளிம்பை டிரேஸ் எடுத்து நாண் போட்டால் ஆரத்துக்கு ஓர் எண் வரும், உள்விளிம்பை எடுத்தால் இன்னொரு எண் வரும். அதனால் அனுப்புவதற்கு முன்னால் அண்ணனிடம் எழுத்துப் பஞ்ச் வாங்கி, ஒவ்வொரு பிளேட்டிலும் பிவட் துளைக்குப் பக்கத்தில் ஆர் 140 என்று அடித்துக் கொடுத்தோம்.